60 யூரோ பிறேமும் மிச்சச் சைக்கிளும்

கிளைன்அன்சைகனில் "ரென்ராட்" என்று அடித்து, கொலோனிலிருந்து 30 கிலோமீற்றர் சுற்றளவு என்று வைத்தால் ஒரு வகை விளம்பரம் கட்டாயம் வரும். சுவரில் சாய்த்து வைத்த வெறும் பிறேம். சில்லு இல்லை, ஹாண்டில் இல்லை, சீற் இல்லை. "ரென்ராட் ராமென், அலு, 50, 60 யூரோ, ஃபவ்பே." ராமன் இல்லை, ராமென். வீட்டில் சத்தமாக வாசித்தால் அம்மம்மா "ஆர் அந்தப் பிள்ளை?" எண்டு கேட்பா.

பார்த்த உடனே தலைக்குள் கணக்கு ஓடும். பிறேம் 60, சில்லு ஒரு 100, மிச்சத்தை அங்கை இங்கை பொறுக்கினால் 300க்குள் ஒரு ரேஸ் சைக்கிள். இந்தக் கிழமை எபிசோடில் திருத்தக்கூடிய போன், பற்றரி மாற்றக்கூடிய லப்டொப் என்று ஒரு மணித்தியாலம் கதைச்சோம் இல்லையா? கையால் திறந்து, கழற்றி, பூட்டக்கூடிய சாதனத்துக்கு சைக்கிளை விட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் அந்த 300 யூரோக் கணக்கு பிழை.

முதலே சொல்லிப்போடுறன்: வெறும் பிறேமிலிருந்து கட்டுவது மலிவான வழி இல்லை. கட்டாயம் புதிதாக வாங்கவேண்டிய சாமான்களை மட்டும் எடுங்கோ. செயின், கேபிள்கள், பிறேக் கட்டை, ஹாண்டிலுக்குச் சுற்றும் ரேப், இரண்டு ரயர், இரண்டு ரியூப், கிராங்க் சுற்றுகிற பெயரிங். எல்லாத்திலும் மலிவானதைப் பார்த்து எடுத்தாலும் 150 யூரோவைத் தொட்டுவிடும். இன்னும் சில்லு வரவில்லை, கியர் வரவில்லை, பிறேக் வரவில்லை. அதே நேரம், 200 யூரோவுக்கு முழுசாக ஓடுகிற பழைய ரேஸ் சைக்கிள் அதே தளத்தில் நிற்கும்.

பிறகு ஏன் கட்ட வேண்டும்? எனக்குத் தெரிந்து ஒரே ஒரு நல்ல காரணம்தான் இருக்கிறது: அளவு. இங்கே பழைய ரேஸ் சைக்கிள் விற்கிறவர்களில் அதிகம் பேர் உயரமான ஆண்கள். 56, 58, 60 என்று வரிசையாக வரும். ஒரு மீற்றர் அறுபது உயரமுள்ள பிள்ளை 48 அல்லது 50 தேடினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்கடை ஆட்களில் எத்தனை பேர் அந்த உயரத்தில் இருக்கிறோம் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெரிய சைக்கிளில் சீற்றைக் கீழே இறக்கி ஓடலாம் என்பார்கள். இறக்கலாம், ஆனால் ஹாண்டில் தூரத்திலேயே நிற்கும். ஒரு மணித்தியாலத்தில் கழுத்து பிடிக்கும்.

அதனால் காசு குறைவாக இருக்கிறவர்களுக்கு என் வழி இது. உங்கள் அளவில் ஒரு வெறும் பிறேம். கூடவே, பெரிய அளவில், ஆரும் விரும்பி எடுக்காத ஒரு முழுச் சைக்கிள். அதைக் கழற்றிப் பாகங்களை இதில் பூட்டுவது. மிஞ்சுகிற பெரிய பிறேமை அதே கிளைன்அன்சைகனில் 60 யூரோவுக்குப் போட்டுவிடுங்கோ, ஃபவ்பே. தனித்தனியாக வாங்கினால் பிறேக் ஒருத்தரிடம், கியர் இன்னொருத்தரிடம், ஒவ்வொன்றுக்கும் தபால் செலவு வேறை.

இது சரிவர வேண்டுமென்றால் காசு கொடுக்கமுதல் சில எண்களை அளக்க வேண்டும். பிசி கட்டினவர்களுக்கு விளங்கும்: போர்டில் என்ன சொக்கற் என்று தெரியாமல் சிபியு வாங்க மாட்டீர்கள். சைக்கிளில் அந்த சொக்கற் விளம்பரத்தில் எழுதியிருக்காது, அவ்வளவுதான்.

எண்கள் எப்படிக் குழப்பும் என்பதற்கு வீட்டுக்குள்ளேயே ஒரு உதாரணம் இருக்கு. அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ ஊரில் ஓடின சைக்கிளின் ரயர் அளவு என்ன எண்டு கேளுங்கோ. "இருபத்தெட்டு" எண்டுவார். கொலோனில் கடைக்காரரும் உங்கள் ரேஸ் சைக்கிளுக்கு "28 ட்சோல்" என்றுதான் சொல்லுவார். இரண்டும் ஒன்றில்லை. ஊரில் ஓடிய கறுப்புச் சைக்கிளின் 28க்கு றிம் விட்டம் 635 மில்லிமீற்றர். இங்கத்தைய 28க்கு 622. பதின்மூன்று மில்லிமீற்றர் வித்தியாசம். ஒன்றின் ரயர் மற்றதில் ஏறாது. இதற்கு நடுவில் 630 என்று இன்னொன்று, 70கள், 80களின் பழைய ரேஸ் சைக்கிள்களில் "27 ட்சோல்" என்ற பெயரில் வரும். பெரிய பெயருள்ளது சின்ன வட்டம், சின்னப் பெயருள்ளது பெரிய வட்டம். ஆகவே அங்குலத்தை நம்பாமல் ரயர் ஓரத்தில் 25-622 என்பது போல அச்சடித்திருக்கிற எண்ணைப் பாருங்கோ.

ஊர்ச் சைக்கிளைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக ஏலாது. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, ரேடியோவுக்குப் போட பற்றரி இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருத்தர் பெடல் மிதிக்க, டைனமோவில் வருகிற கரண்டில் ஊரே பிபிசி தமிழோசை கேட்டது. ஆளையும் ஏற்றி, விறகையும் ஏற்றி, நோயாளியையும் ஏற்றி அந்தச் சைக்கிள்கள் வருடக்கணக்காக ஓடினதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருந்தது என்பது என் கருத்து. ராலி என்றாலும் ஹம்பர் என்றாலும் லுமாலா என்றாலும் அடிப்படை வடிவம் ஒன்றுதான். ஒன்றின் சில்லு மற்றதுக்குப் போகும். சந்திக் கடையில் இருக்கிற ஸ்பனர் எல்லாத்துக்கும் பொருந்தும். ரேஸ் சைக்கிள் உலகத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

கிராங்க் சுற்றுகிற குழாயைப் பாருங்கோ, ஜேர்மனில் டிறெட்லாகர். அதன் அகலம் 68 மில்லிமீற்றர் என்றால் அனேகமாக ஆங்கில மரை. 70 என்றால் இத்தாலிய மரை. ஆனால் பழைய பெஜோ பிறேமில் 68 வந்தாலும் அது பிரெஞ்சு மரையாக இருக்கலாம். அதற்குப் பாகம் தேடி அலைவீர்கள், விட்டுவிடுங்கோ. ஆங்கில மரையில் ஒரு சூட்சுமம்: செயின் பக்கம் தலைகீழ் மரை. மணிக்கூடு சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழறும். இது தெரியாமல் பலம் போட்டால் இன்னும் இறுகும். மரையே இல்லாமல் அழுத்திப் பொருத்துகிற புதிய வகைகளும் இருக்கு. அதற்குத் தனிக் கருவி வேணும்; முதல் சைக்கிளுக்கு வேண்டாம்.

பின் சில்லு உட்காருகிற இடத்தின் அகலம் அடுத்தது. 126 மில்லிமீற்றர் என்றால் 6, 7 கியர் காலத்துப் பிறேம். 130 என்றால் 8 முதல் 11 கியர் வரை, றிம்மில் பிடிக்கிற பிறேக்கோடு. இரும்புப் பிறேமை 126இலிருந்து 130க்குக் கவனமாக விரிக்கலாம். அலுமினியத்தை ஒருபோதும் விரிக்கக் கூடாது, வெடிப்பு வரும். சீற் குத்தி 27.2 மில்லிமீற்றராக இருந்தால் நல்லது, நிறையக் கிடைக்கும். அது 0.2 படியாக மாறுகிற அளவு, 27.0 குத்தியைப் போட்டு இறுக்கிச் சமாளிக்க முடியாது.

எனக்குப் பிடித்த காலம் 1998 முதல் 2010 வரைக்குமான அலுமினியப் பிறேம். ஆங்கில மரை, 130 மில்லிமீற்றர், சாதாரண ஹெட்செற். பார்க்க அவ்வளவு வடிவில்லை, இன்ஸ்ராவில் லைக் வராது. அதனால்தான் மலிவு. மெல்லிய இரும்புப் பிறேம்களுக்கு இப்ப "வின்ரேஜ்" விலை. பாவித்த கார்பன் முன் ஃபோர்க்கை, வரலாறு தெரியாத ஆளிடமிருந்து, நான் வாங்க மாட்டேன். அது உடைகிற நேரம் நீங்கள் இறக்கத்தில் இருப்பீர்கள்.

கியருக்கு வருவம். பின் பல்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிற தூரம் 8 கியரில் 4.8 மில்லிமீற்றர், 10 கியரில் 3.95. கைப்பிடி ஒரு கிளிக்குக்கு எவ்வளவு கேபிளை இழுக்கிறது என்பது இதற்குச் சரியாகப் பொருந்த வேண்டும். ஷிமானோவின் 8, 9, 10 கியர் ரேஸ் பாகங்களில் பின் கியர் மாற்றி ஒரே விகிதத்தில் அசைவதால் 9 கியர் சோரா மாற்றியை 10 கியர் கைப்பிடியோடு ஓட்டலாம். ஒரு முக்கிய விதிவிலக்கு தியாக்ரா 4700: பெட்டியில் 10 என்று எழுதியிருக்கும், உள்ளுக்குள் 11இன் கணக்கு. மென்பொருளில் வேர்ஷன் எண் ஒன்று, உள்ளே ஏபிஐ வேறு என்று திட்டுவோமே, அதே கதை. 11 கியர் பல்சக்கரத் தொகுதி பழைய 10 கியர் சில்லில் பெரும்பாலும் ஏறாது, 1.85 மில்லிமீற்றர் இடம் காணாது. மலிவுக்கு 9 அல்லது 10 போதும். பழைய ஷிமானோ கைப்பிடி கிளிக் பண்ணாமல் வழுக்கினால் பல நேரம் உடைவு இல்லை, உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கும். எண்ணெய் ஸ்பிரே அடித்து ஒரு இரவு விட்டுப் பாருங்கோ. விற்கிறவர் "கியர் பழுது" என்று விலை குறைத்திருந்தால் உங்களுக்கு லாபம்.

கொலோனில் என்ன கியர் வேணும்? றைன் ஆற்றோரமாக பொன் வரை போய் வருவதென்றால் ஏற்றமே இல்லை, எதுவும் காணும். ஆனால் கிழக்கே பெர்கிஷஸ் லாண்ட் பக்கம் திரும்பினால் கதை மாறும். 1908இல் தொடங்கிய ரூண்ட் உம் கொலோன் ஓட்டப்போட்டி பென்ஸ்பெர்க் மாளிகைக்கு ஏறுகிற கல்லுப் பதித்த ஏற்றத்தால்தான் பெயர் போனது. பழைய சைக்கிள்களில் முன்னுக்கு 53/39 பற்கள் வரும். பின்னுக்கு 25 என்றால் மிதிக்கு 1.56 சுற்று. முன் 34, பின் 28 என்றால் 1.21. அந்த ஏற்றத்தில் இந்த வித்தியாசம் முழங்காலுக்குத் தெரியும். ஆனால் 39 பல்லைக் கழற்றி 34 போடலாம் என்று நினைக்காதேங்கோ. அந்தக் கிராங்கின் 130 மில்லிமீற்றர் ஆணி வட்டத்தில் 38க்குக் கீழே பொருந்தாது. கிராங்கை மாற்றாமல் பின்னுக்கு 28 போடுவது மலிவு.

சில்லு வாங்கும்போது "ஷ்லவுக்ரைஃபன்" என்ற சொல்லைக் கண்டால் நில்லுங்கோ. மலிவாக வருகிற நல்ல சில்லுகள் பல இந்த வகை: ரியூப்பை உள்ளே வைத்துத் தைத்து, றிம்மில் பசையால் ஒட்டுகிற ரயர். பஞ்சர் ஆனால் வழியில் ஒட்டுப்போட ஏலாது. மியூங்கர்ஸ்டோர்ஃப் சைக்கிள் மைதானத்துக்குப் பெயரான அல்பேர்ட் ரிஷ்டர், ஏரன்ஃபெல்டில் பிறந்து 1932இல் உலக அமெச்சூர் ஸ்பிரின்ட் சாம்பியன் ஆனவர். நாசிகளுக்குத் தலை குனியாதவர். யூதரான பயிற்சியாளர் ஏர்ன்ஸ்ட் பெர்லினரோடு உறவை முறிக்க மறுத்தவர். 1939இன் கடைசி நாளில் சுவிஸுக்குப் போகிற ரயிலில், தப்பிப் போயிருந்த ஒரு யூத வணிகரின் பணத்தை ரயருக்குள் மறைத்துக் கொண்டுபோகும்போது எல்லையில் பிடிபட்டார். இரண்டு நாளில் லோராஹ் சிறையில் இறந்தார், வயது 27. தூக்கு மாட்டினார் என்று கெஸ்டாபோ சொன்னதை ஆரும் நம்பவில்லை. அந்த மைதானத்தைக் கடக்கும்போது பெயர்ப் பலகையை ஒருக்கா பாருங்கோ.

இனி, காசு கொடுக்கும் முன் ஒரு விஷயம். அடியில், கிராங்க் குழாயின் கீழே, பிறேம் எண் இருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் திரும்பி வாங்கோ. ஜேர்மன் குடியியல் சட்டத்தின் 935ஆம் பிரிவின்படி திருட்டுப் பொருளை நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கினாலும் அது உங்களுடையது ஆகாது. சொந்தக்காரர் வந்தால் கொடுக்க வேணும். உங்கள் காசை விற்றவரிடம்தான் கேட்கலாம், அவரைக் கண்டுபிடிக்க முடிந்தால். நீங்கள் பூட்டின பாகங்களுக்காக வழக்காடுகிற நிலைமை வேற. பொது ஏலம் இதற்கு விதிவிலக்கு. விற்கிறவரின் பெயர், பிறேம் எண், திகதி எழுதிய ஒரு துண்டில் கையெழுத்து வாங்குங்கோ. நேர்மையான ஆள் மறுக்க மாட்டார். எங்களைப் போல தோற்றமுள்ள பெடியன் ஒருத்தன் விலை கூடின பிறேமோடு நிற்க, பொலிஸ் வந்து கேட்டால் அந்தத் துண்டின் பெறுமதி விளங்கும்.

கருவிக்குக் காசை இறைக்காதேங்கோ. அறுகோணச் சாவித் தொகுதியும் கேபிள் வெட்டுகிறதும் சொந்தமாக இருக்கட்டும். கிராங்க் பெயரிங் கழற்றுறது, பல்சக்கரம் கழற்றுறது எல்லாம் வருசத்தில் ஒருக்கா தேவைப்படுபவை, சுய உதவிப் பட்டறையில் இருக்கும். ஹாண்டிலைப் பிடிக்கிற ஆணிகளுக்கு மட்டும் அளவாக இறுக்குகிற ஸ்பனரை இரவல் வாங்குங்கோ. எத்தனை நியூட்டன் மீற்றர் என்று பாகத்திலேயே அச்சடித்திருக்கும். சீற் குத்திக்குக் கிரீஸ் பூசாமல் போட்டால் அலுமினியமும் இரும்பும் ஒட்டிப்பிடித்து இரண்டு குளிர்காலத்தில் கழற்ற ஏலாது.

வீதியில் இறங்க இரண்டு தனித்தனிப் பிறேக்கும் ஒரு மணியும் கட்டாயம். லைற் கழற்றக்கூடியதாக இருக்கலாம், பகலில் பூட்டத் தேவையில்லை. ஆனால் அனுமதி முத்திரை உள்ளதாகப் பாருங்கோ. றிஃப்ளெக்டர்களையும் மறக்காதேங்கோ. பிறேம் இடம் கொடுத்தால் 28 அகல ரயர் போடுங்கோ. டிராம் தண்டவாளத்தை எப்பவும் குறுக்காகவே கடவுங்கோ, மெல்லிய ரயர் உள்ளே போனால் ஆள் கீழே.

முதல் 100 கிலோமீற்றர் ஓடின பிறகு கேபிள்கள் கொஞ்சம் தளரும், கியர் இரண்டு பல்லுக்கு நடுவில் கரகரக்கும். பயப்பட ஒன்றுமில்லை. பின் கியர் மாற்றியில் கேபிள் நுழைகிற இடத்தில் உள்ள உருளைத் திருகைக் கால் சுற்று வெளிப்பக்கம் விடுங்கோ, பெடலைக் கையால் சுற்றிக் கேளுங்கோ, இன்னும் கரகரத்தால் இன்னொரு கால் சுற்று.