பாலைவனத்தில் நான்கு வருடங்கள்

எட்டாம் ஆண்டில் படிக்கும் என் பேத்தி ஒருநாள் புவியியல் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி, "அம்மம்மா, பாலைவனத்தில ஒண்டுமே இல்லையா? வெறும் மணல் மட்டுமா?" என்று கேட்டாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த நான் சுளகை வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டுக்குப் போக நினைக்கும் சகோதரிகளுக்கும் இது உதவக்கூடும்.

நான் படுவான்கரையைச் சேர்ந்தவள். 1990 இல் வயலுக்குப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. எங்கெங்கோ தேடினோம், எழுதிக் கொடுத்தோம், பதில் இல்லை. 1998 இல் இரண்டு பிள்ளைகளையும் அம்மாவிடம் விட்டுவிட்டு, பணிப்பெண்ணாகக் குவைத்துக்குப் போனேன். வாவியும் வயலும் பார்த்து வளர்ந்த எனக்கு, விமானத்தின் யன்னலால் தெரிந்த அந்த மண்ணிற நிலம் வயிற்றைக் கலக்கியது.

ஏன் அங்கு மழை இல்லை?

மட்டக்களப்பில் ஒரு வருடத்தில் 1600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி மாரி காலத்தில்தான். குவைத்தில் வருடம் முழுவதும் சேர்த்தாலும் ஏறத்தாழ 110 மில்லிமீற்றர்தான். எங்கள் மாரியில் இரண்டு நாள் அடைமழைக்கு அது சமம். வருடத்திற்கு 250 மில்லிமீற்றருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே பொதுவாகப் பாலைவனம் என்கிறார்கள்.

பூமியின் நடுக்கோட்டுப் பகுதியில் வெப்பமான ஈரக்காற்று மேலெழுந்து, மழையைக் கொட்டிவிட்டு, வடக்கிலும் தெற்கிலும் விலகிச் செல்கிறது. ஏறத்தாழ 30 பாகை அகலக்கோட்டை அண்டிய பகுதிகளில் அது உலர்ந்த காற்றாகக் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகும். அதனால் அங்கே மேகம் திரள்வது அரிது. சகாரா, அரேபியா, தெற்கே கலகாரி, அவுஸ்திரேலியா ஆகிய பாலைவனங்கள் எல்லாம் இந்த இரண்டு பட்டைகளை ஒட்டியே இருக்கின்றன. குவைத்துக்குப் பக்கத்திலேயே கடல் இருந்தும் மழை இல்லாததற்கு இதுவே முக்கிய காரணம். அந்த நாட்டில் நிரந்தரமாக ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஒரு காலத்தில் குடிதண்ணீரைப் படகுகளில் கொண்டுவந்தார்கள். 1953 முதல் கடல்நீரை நன்னீராக்கிக் குடிக்கிறார்கள்.

பேத்தி நினைத்ததுபோல எல்லாப் பாலைவனமும் மணல்மேடு அல்ல. சகாராவிலேயே நாலில் ஒரு பங்குதான் மணல். மற்றதெல்லாம் கல்லும் பாறையும் சரளையும். மணல் பெருகிக் கிடப்பது சவூதியின் தெற்கே உள்ள றுப் அல் காலி. அது இலங்கையைப்போலப் பத்து மடங்கு பெரியது.

சூடும் குளிரும்

யூலை மாதத்தில் உடுப்புக் காயப்போட மொட்டைமாடிக்கு ஏறினால், கடைசித் துணியைப் போடும்போது முதல் துணி காய்ந்திருக்கும். 2016 யூலை 21 இல் குவைத்தின் மித்ரிபா என்ற இடத்தில் 53.9 பாகை செல்சியஸ் பதிவானது. கோடையில் வடமேற்கிலிருந்து ஷமால் என்ற காற்று வீசும். தூசி எழுந்தால் மத்தியானத்திலும் விளக்குப் போட வேண்டும். பிறகு வீடு முழுவதையும் கழுவுவது எங்கள் வேலை.

மாரியிலோ இரவில் பல்லுக் கிட்டும். மேகமும் ஈரமும் இல்லாததால் பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவில் விட்டுவிடுகிறது. போர்வை இல்லாத பிள்ளையைப்போல.

வெளியில் கூடாரம்

அந்த வீட்டின் மூத்த அம்மாவை 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும். அரபியில் அது அம்மா. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் என்னை 'பின்தி', அதாவது 'என் மகளே' என்பார். குளிர்காலத்தில் குடும்பமாக வெளியில் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். சமைக்க என்னையும் கூட்டிப்போவார்கள். பாலைவனத்தை எனக்குக் காட்டித் தந்தவர் அந்த அம்மாதான்.

விறகுபோல் காய்ந்து கிடந்த அர்ஃபஜ் என்ற பற்றையைக் காட்டி, "இது சாகவில்லை" என்றார். மழைக்குப் பிறகு அது பச்சைப் பிடித்து மஞ்சளாகப் பூத்தது. நிலம் சிறிதாக வெடித்திருந்த இடத்தைக் கிளறி, உருளைக்கிழங்குபோல ஒன்றை எடுத்தார். அது மண்ணுக்குள் விளையும் ஒரு வகைக் காளான். பக்கா என்பார்கள். இடி இடித்தால்தான் அது விளையும் என்றார். எங்கள் ஊரிலும் காளானுக்கு இதைத்தானே சொல்கிறோம்!

ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இல்லை, கொழுப்புத்தான் இருக்கிறது. தாகம் எடுத்தால் பத்து நிமிடத்தில் நூறு லீற்றர் வரை குடிக்கும். உடல் சூட்டைக் கூடவும் குறையவும் விட்டு, வியர்வையைச் சேமிக்கும். எங்கள் உடும்பைப்போன்ற தப் என்ற பிராணி இலைகுழை தின்று அதிலுள்ள ஈரத்தாலேயே வாழ்கிறது. நீண்ட பின்னங்கால் கொண்ட பாலைவன எலி பகல் முழுவதும் வளைக்குள் கிடந்து இரவில் வெளியே வரும். மணற்கௌதாரியின் ஆண் பறவை வயிற்று இறகில் தண்ணீரை நனைத்துக்கொண்டு தூரம் பறந்து, குஞ்சுகளுக்குக் குடிக்கக் கொடுக்கும். வெள்ளை நிற அரேபிய மான் ஒறிக்ஸ் வேட்டையால் 1972 இல் காட்டில் முற்றாக அழிந்தது. அடைத்து வளர்த்தவற்றை 1982 இல் ஓமானில் மீண்டும் விட்டார்கள்.

நிலத்தின் காயம்

"இரும்புத் துண்டு எதையும் தொடாதே" என்று அந்த அம்மா அடிக்கடி சொல்வார். வன்னியிலும் எங்கள் பக்கத்திலும் சொல்லும் அதே புத்தி. 1990 ஓகஸ்டில் ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. 1991 இல் பின்வாங்கும்போது 600 இற்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. கடைசித் தீயை அணைக்க நவம்பர் ஆகியது. மண்ணைப் பிடித்து வைத்திருந்த மேற்சரளையைத் தாங்கிகளும் பதுங்குகுழிகளும் கிளறிவிட்டன. அதன் பிறகு மணல் இன்னும் இலகுவாகக் கிளம்பியது. மழை குறைந்த நிலத்தில் இப்படிப்பட்ட காயம் ஆற மிக நீண்ட காலம் எடுக்கும்.

அந்தப் படை பிடித்துச் சென்று திரும்பாதவர்கள் ஏறத்தாழ 600 பேர். அந்த அம்மாவின் இளைய மகனும் அவர்களில் ஒருவன். ஒரு இரவு நெருப்புக்குப் பக்கத்தில் அவனுடைய படத்தை எடுத்துக் காட்டினார். நான் என் பையிலிருந்த என் கணவரின் படத்தைக் காட்டினேன். இருவருக்கும் 1990. எனக்கு அரபு அரைகுறை, அவருக்குத் தமிழ் இல்லை. தேநீர் ஊற்றித் தந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். 2003 இற்குப் பிறகு ஈராக்கில் புதைகுழிகள் தோண்டப்பட்டுப் பலரின் எச்சங்கள் குவைத்துக்குத் திரும்பின என்று செய்தியில் கேட்டபோது, முதலில் நினைவில் வந்தது அவர் முகந்தான்.

போகும் சகோதரிகளுக்கு

உலர்ந்த வெயிலில் வியர்வை உடனே காய்ந்துவிடும், உடலில் தண்ணீர் குறைவது தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடியுங்கள். தலைச்சுற்று, வாந்தி, உடல் கொதிப்பு, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் நிழலில் கிடத்தி உடலை நனைத்து, உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வீட்டில் எவ்வளவு கொடுமை இருந்தாலும் பகலில் வெளிநிலத்துக்குள் தனியே நடக்க வேண்டாம். தூதரகத்தின் தொலைபேசி இலக்கத்தைப் போகும் முன்பே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குவைத்தில் 2015 ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு ஒரு நாளைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை இல்லை என்றும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு என்றும் சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

நான் 2002 இல் ஊருக்கு வந்தேன். எல்லாவற்றையும் கேட்ட பேத்தி, "அந்தப் பற்றை மழை வரும்வரைக்கும் என்ன செய்யும் அம்மம்மா?" என்றாள். வேரைக் காப்பாற்றிக்கொண்டு இருக்கும் மகள் என்றேன்.