உலைக்கு முன் ஒரு பிடி

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பித்தளைச் செம்பு இருக்கும். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன் என் தாயார் ஒரு பிடி எடுத்து அதில் இடுவார். கூடவே ஒரு காசும் விழும். காஞ்சி மகா பெரியவர் ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் இல்லந்தோறும் மேற்கொள்ளச் சொன்ன பிடி அரிசித் திட்டம் அது. மூத்த வாசகர்கள் பலருக்கும் நினைவிருக்கும்.

பேட்டையின் வீடுகளில் சேரும் அரிசியை அந்தப் பேட்டைக் கோயிலிலேயே சமைத்து, சுவாமிக்கு நிவேதனம் செய்து, ஏழைகளுக்கு வழங்கவேண்டும். காசு, சமையல் செலவுக்கு. உண்பவர் எவரிடமும் கையேந்துவதில்லை; இறைவனின் பிரசாதத்தைப் பெறுகிறார். இன்னாருடைய பிடி எது என்று எவராலும் சொல்ல இயலாதாகையால், கொடுத்தவர் பெயர் பொறிக்கவும் இடமில்லை. (டியூப்லைட்டில்கூடப் பெயர் எழுதுகிற காலம் இது!) மிசோரம் மாநிலப் பெண்களும் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் தேவாலயத்துக்கென இவ்வாறே ஒரு பிடி எடுத்து வைக்கிறார்கள் என்று படித்தபோது வியந்தேன்.

வங்கி உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் எனக்கு இது வீண் வேலையாகத் தோன்றியது. "ஒரு பிடி 50 கிராம் இருக்குமா, அம்மா? ஆண்டுக்கு 18 கிலோ. நான் வருஷத்துக்கு ஒரு செக் எழுதிவிடுகிறேனே" என்றேன். "எழுதேன், யார் வேண்டாமென்றார்கள்?" என்றவர், மறுநாளும் ஒரு பிடி எடுத்து இட்டார். நான் செக் எழுதியது இரண்டே ஆண்டுகள். பிறகு மாற்றல், பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன். தாயார் மறைந்தபின் செம்பும் பரணுக்குப் போயிற்று. பிறர் கணக்குகளைச் சரிபார்த்தே காலம் கழித்தவன், என் கணக்கில் விழுந்த நிலுவையை ஓய்வு பெற்ற பிறகே கவனித்தேன்.

சென்ற தை மாதம் செம்பைத் துலக்கி வைத்தோம். எங்கள் அடுக்ககத்தின் 12 வீடுகளில் 7 வீட்டார் இசைந்தனர். "கோயில்களில்தான் இப்போது அன்றாடம் அன்னதானம் நடக்கிறதே" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி, நம் கபாலீசுவரர் கோயிலிலும் நடக்கிறது. ஆனால் பிறந்தநாளன்று அதற்குப் பணம் கட்டிவிட்டு, மற்ற நாட்களில் நான் பசித்தவரை நினைத்ததில்லை. இன்னொரு வீட்டில் கணவன், மனைவி இருவருக்கும் சர்க்கரை நோய். சோறு வடிப்பதே அரிது. ஆயினும் அந்த அம்மையார் இதற்கென்றே அரிசி வாங்கி வைத்திருக்கிறார். காசுக்குத்தான் வழியில்லை. 25 காசும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமற்போயினவே! ஒரு ரூபாய் இடுகிறோம்.

முதல் மாதம் பத்தரைக் கிலோ சேர்ந்தது. பெருமையோடு அருகிலுள்ள சிறு கோயிலுக்கு எடுத்துச் சென்றேன். மடப்பள்ளியில் இருந்தவர் அள்ளிப் பார்த்துச் சிரித்தார். பச்சரிசியும் புழுங்கலரிசியும் கலந்து கிடந்தன. இரண்டும் ஒருசேர வேகா; நிவேதனத்துக்குப் புழுங்கலும் ஆகாது. எனக்கு இது தோன்றவேயில்லை. என் தாயாருக்குத் தெரிந்திருக்கும். தோசைக்கு ஆகட்டும் என்று அவ்வரிசியை எங்கள் வீடுகளே எடுத்துக்கொண்டு, அதே எடைக்குப் பச்சரிசி வாங்கிக் கொடுத்தோம்.

இப்போது செம்பில் பச்சரிசி மட்டுமே. பிரதோஷத்தன்று அது வெண்பொங்கலாகிறது. சென்ற பிரதோஷத்தில் தொன்னைக்காக நின்ற வரிசையில், எங்கள் தெருவைப் பெருக்கும் பெண்மணி எனக்கு முன்னால் நின்றார்.