பெட்டியைப் புதுப்பிக்கப் போகிறீர்களா?

ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணி. வாசற்கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். மாடி வீட்டு மாமி நின்றுகொண்டிருந்தார். வழக்கம்போல் கையில் காப்பிப் பொடி கடன் வாங்கும் டப்பா இல்லை. அதற்குப் பதிலாக, இரண்டு கொம்பு முளைத்த ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது.

"இதுக்கு உயிர் இருக்கா இல்லையான்னு சித்தே பாருங்களேன்!" என்றார், அழாக் குறையாக.

விஷயம் இதுதான். முந்தின நாள் இரவு பத்து மணிக்கு மாமியின் கைப்பேசியில் ஓர் அறிவிப்பு வந்தது. வைஃபை பெட்டிக்குப் புதிய ஃபர்ம்வேர் வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டது. வெளியே இடியும் மழையும். மாமி 'சரி' என்று ஒரு தட்டுத் தட்டினார். மூன்றாவது நிமிஷம் மின்சாரம் போயிற்று. அரை மணி கழித்து வீட்டு விளக்குகளெல்லாம் எரிந்தன. பெட்டி மட்டும் எழுந்திருக்கவில்லை. ஒரே ஒரு விளக்கு மினுக் மினுக்கென்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மாமியின் பெண்ணுக்கோ காலை பத்து மணிக்குக் கணினி வழியே உத்தியோக நேர்முகம்! கைப்பேசியை நம்பலாமென்றால், அவர்கள் வீட்டில் பால்கனி ஓரத்தில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும்.

பெண்ணை எங்கள் கூடத்தில் உட்கார வைத்து நேர்முகத்தை நடத்தி முடித்தோம். பெட்டி என்னவாயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், இந்தச் சங்கடம் நம் வீட்டில் நேராமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போமா?

பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது?

பார்க்கத்தான் அது சின்னப் பெட்டி. உண்மையில் அது ஒரு முழுக் கணினி. கம்பி வழியே வரும் இணையத்தை வாங்கி, கம்பியில்லாமல் வீடு முழுவதும் பரிமாறுகிற வேலை அதற்கு. அந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்ற முறைகளெல்லாம் உள்ளே ஒரு சில்லில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்துக்குத்தான் ஃபர்ம்வேர் என்று பெயர்.

புதுப்பிப்பது என்றால், பழைய எழுத்தை அழித்துவிட்டு அதே இடத்தில் புதியதை எழுதுவது. நடுவில் மின்சாரம் போனால், பாதி அழிந்ததும் பாதி எழுதியதுமாக நின்றுவிடும். மறுபடி விழித்துக்கொள்ளும் பெட்டிக்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்றே தெரியாது. சில பெட்டிகளில் இரண்டு பிரதிகள் வைத்திருப்பார்கள். ஒன்று கெட்டால் மற்றொன்று கைகொடுக்கும். விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் ஒரே பிரதிதான்.

தொடாமலே இருந்துவிட்டால்?

"எதற்கு வம்பு? ஓடுகிறவரை ஓடட்டும்" என்று தோன்றுகிறதல்லவா? அங்கேதான் ஆபத்து இருக்கிறது. இந்தப் பெட்டி நம் வீட்டுக்கு இணையத்தின் வாசற்கதவு. கதவில் ஓட்டை இருப்பது வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன்பே திருடனுக்குத் தெரிந்துவிடுகிறது.

2016 நவம்பரில் ஜெர்மனியில் ஏறக்குறைய 9 லட்சம் வீடுகளில் இணையம் திடீரென்று தடுமாறியது. பெட்டிகளைக் கைப்பற்றுவதற்காக யாரோ நடத்திய தாக்குதலின் விளைவு அது. இணைய நிறுவனம் அவசரமாகப் புதிய ஃபர்ம்வேர் தயாரித்து அளித்துத்தான் நிலைமையைச் சீர்செய்தது. 2017 அக்டோபரில் பெல்ஜியம் நாட்டு ஆராய்ச்சியாளர் மாத்தி வான்ஹோஃப், வைஃபையின் பூட்டாகிய டபிள்யூபிஏ-2 முறையிலேயே ஒரு குறையை வெளிப்படுத்தினார். பாஸ்வேர்டை மாற்றினாலும் தீராத குறை அது. கைப்பேசி, கணினி, பெட்டி ஆகியவற்றின் மென்பொருளைப் புதுப்பித்தால்தான் தீரும். 2018 மே மாதம் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் பெட்டிகளுக்குள் ஒரு கள்ள நிரல் புகுந்திருப்பது தெரிய வந்தது. அதன் பெயர் விபிஎன்ஃபில்டர். பெட்டியை அணைத்துப் போட்டாலும் அதன் வேர் போகவில்லை.

ஆகவே, புதுப்பிக்கத்தான் வேண்டும். பதறாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அடுப்பு மூட்டுமுன் சாமான் எடுத்து வையுங்கள்

முதலில், பெட்டி யாருடையது என்று பாருங்கள். இணைய நிறுவனம் கொடுத்ததானால், பெரும்பாலும் அவர்களே தூரத்திலிருந்து புதுப்பித்துவிடுவார்கள். நாமாகக் கை வைக்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சொந்தப் பெட்டியானால், அதைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். மாடலின் பெயரோடு வி1, வி2 என்று ஏதாவது போட்டிருக்கும். அந்த ஓர் எண்ணில்தான் சூட்சுமம் இருக்கிறது. வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தாலும், உள்ளே சில்லுகள் வேறாக இருக்கலாம். ஒன்றின் ஃபர்ம்வேரை மற்றொன்றில் ஏற்றினால் பெட்டி படுத்துவிடும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டுமே கோப்பை இறக்குங்கள். கூடவே ஒரு குறிப்பும் இருக்கும், அதையும் படியுங்கள். மிகப் பழைய பதிப்பிலிருந்து ஏறுகிறவர்கள் நடுவில் வேறொரு பதிப்பை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று சில சமயம் அதில் எழுதியிருப்பார்கள்.

அடுத்தது, பெட்டியில் இருக்கும் அமைப்புகளைப் பிரதி எடுத்துக்கொள்வது. பெட்டியின் நிர்வாகப் பக்கத்திலேயே 'பேக்அப்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதோடு நிற்காமல், வைஃபையின் பெயர், பாஸ்வேர்டு, இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயர், அதன் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். புதுப்பித்த பிறகு சில பெட்டிகள் எல்லாவற்றையும் மறந்து, கடையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரி ஆகிவிடும்.

கடைசியாக, நல்ல வேளை பாருங்கள்! பஞ்சாங்கம் வேண்டியதில்லை. மழை, இடி இல்லாத நேரமா? மறுநாள் காலை பரீட்சை, ஆபீஸ் கூட்டம் எதுவும் இல்லையா? அது போதும். இன்வெர்ட்டரோ யுபிஎஸ்ஸோ இருந்தால் பெட்டியை அதில் இணையுங்கள். மடிக்கணினியை முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.

கை வைக்கும் வேளை

கோப்பைக் கணினியிலிருந்து ஏற்றுவதானால், வைஃபையை நம்பாமல் லேன் வயரால் பெட்டியையும் கணினியையும் இணையுங்கள். கோப்பு போய்க்கொண்டிருக்கும்போது வைஃபை ஒரு நொடி அறுந்தாலும் வேலை கெட்டுவிடலாம். கைப்பேசிச் செயலி வழியாகச் செய்தால் பெட்டி தானே கோப்பை இறக்கிக்கொள்ளும். அதற்கு வயர் வேண்டாம்.

பொத்தானை அழுத்திய பிறகு நமக்கு ஒரே வேலைதான்: சும்மா இருப்பது! விளக்குகள் அணையும், எரியும், நிறம் மாறும். திரை அசையாமல் நிற்கும். கை துறுதுறுக்கும். இட்லி வேகும்போது மூடியைத் திறந்து திறந்து பார்ப்போமா? ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ பொறுத்திருங்கள். ஸ்விட்சை யாரும் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இது முக்கியம்.

பெரிய வீடுகளில் மாடிக்கொன்று, கூடத்துக்கொன்று என்று இரண்டு மூன்று பெட்டிகள் இருக்கும். தயாரிப்பாளர் வேறு வரிசை சொல்லாவிட்டால், அதிகம் உபயோகமில்லாத அறையில் இருப்பதை முதலில் புதுப்பித்து, ஒரு நாள் ஓடவிட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் மற்றவற்றைத் தொடலாம்.

முடிந்த பிறகு

நிர்வாகப் பக்கத்தில் புதிய பதிப்பின் எண் வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். வைஃபையின் பூட்டு டபிள்யூபிஏ-2 அல்லது டபிள்யூபிஏ-3 ஆக இருக்கட்டும். நிர்வாகப் பக்கத்துக்கு, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டு இன்னும் இருந்தால் மாற்றிவிடுங்கள். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால் மூடிவிடுங்கள்.

பெட்டி எழுந்திருக்கவில்லையா? உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள். பெட்டியை எழுப்பும் சின்ன நிரல் ஒன்று தனி இடத்தில் இருக்கிறது; பெரும்பாலும் அதற்குச் சேதம் வராது. அதன் உதவியால் ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்றும் வழியைப் பல தயாரிப்பாளர்கள் தங்கள் இணையதளத்தில் சொல்லியிருப்பார்கள்.

தயாரிப்பாளர் கைவிட்டுவிட்ட பழைய பெட்டிக்கு இந்த வைத்தியமெல்லாம் பலிக்காது. புதுப்பிப்பே வராத பெட்டியை மாற்றிவிடுவதுதான் சரி. புதிது வாங்கும்போது, எத்தனை வருஷம் புதுப்பிப்பு தருவார்கள் என்று கடையில் கேளுங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், அதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியே தீர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

மாமியின் பெட்டி என்னவாயிற்று? அன்று மாலை எங்கள் பையன் வயரைச் செருகி, தயாரிப்பாளர் சொன்னபடி செய்து, அரை மணியில் அதை எழுப்பிவிட்டான். ஆனால் பெட்டி எல்லாவற்றையும் மறந்திருந்தது. இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயர் மாமியிடம் இல்லை. அதைக் கேட்டு வாங்கி இணையம் திரும்பி வர வியாழக்கிழமை ஆயிற்று. அதுவரை மாமியின் பெண் எங்கள் கூடத்துப் பெண்ணாகவே இருந்தாள். உத்தியோகம் கிடைத்த செய்தியும் அங்கேதான் வந்தது. மாமி பாயசத்தோடு வந்தார்.

இப்போது மாமியின் பால் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கம் பெட்டிக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. போன வாரம் மறுபடி அந்த அறிவிப்பு வந்ததாம். மாமி கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, பால்கனிக்குப் போய் வானத்தைப் பார்த்தாராம்.

"மேகம் இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றார்.