நீலத்துக்குள் பூட்டிய சயனைடு

2019-இல் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வலம் வந்தது: 'பாக்கெட் உப்பில் சயனைடு!' முழுப் பொய் என்று அதைத் தள்ளிவிட முடியாது. உப்பு கட்டிபிடிக்காமல் உதிரியாக இருப்பதற்காகப் பொட்டாசியம் பெர்ரோசயனைடு சேர்க்கப்படுவது உண்மைதான். சேர்த்திருந்தால் உறையில் அதன் பெயரோ 536 என்ற எண்ணோ இருக்க வேண்டும். கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை இந்தியாவில் அனுமதி உண்டு; சர்வதேச கோடெக்ஸ் விதி 14 வரை விடுகிறது.

பெயரில் சயனைடு இருந்தும் ஆள் ஏன் சாவதில்லை? விடை பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கிறது. லாசேன் சோதனையில் நைட்ரஜன் இருந்தால் சோதனைக்குழாயில் அடர்நீலம் படியுமே, அதுதான் பிரஷ்யன் நீலம். 1706 வாக்கில் பெர்லினில் சாயம் செய்த டீஸ்பாக், சிவப்புச் சாயத்துக்காக அசுத்தமான பொட்டாஷைக் கலக்கப்போய் தற்செயலாகக் கிடைத்த நிறம் இது. இதில் இரும்பு இரண்டு நிலைகளில் இருக்கிறது. ஒவ்வொரு இரும்பு(II) அணுவையும் ஆறு சயனைடுகள் கார்பன் பக்கமாகக் கவ்வியிருக்கின்றன. அவற்றின் நைட்ரஜன் முனைகள் இரும்பு(III) அணுக்களோடு பிணைந்து கூண்டு போன்ற படிகமாகின்றன. ஒரு நிலையிலிருந்து மற்றதற்கு எலக்ட்ரான் தாவும்போது சிவப்பொளி உறிஞ்சப்படுகிறது, மிஞ்சுவது நீலம். உப்பில் சேரும் பெர்ரோசயனைடிலும் இதே ஆறு கவ்வல்தான். வயிற்று அமிலத்தால் அதை எளிதில் உடைக்க முடியாது.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு 10 கிராம் உப்பு தின்பவருக்கு, உச்ச அளவில் சேர்த்திருந்தாலும், 0.1 மில்லிகிராம்தான் போய்ச்சேரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு உலக உணவுச் சேர்மான நிபுணர் குழு வைத்த தினசரி வரம்பு 1.5 மில்லிகிராம். அந்த வரம்பைத் தொடும் அளவுக்கு உப்பு தின்றால் இரத்த அழுத்தம் முதலில் வந்து நிற்கும் என்பது வேறு விஷயம்.

ஆனால் அந்தப் பிணைப்பு உடையவே உடையாது என்று நினைத்துவிடக் கூடாது. 1782-இல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே, பிரஷ்யன் நீலத்தைக் கந்தக அமிலத்தோடு சூடாக்கியபோது வெளிவந்தது ஹைட்ரஜன் சயனைடு. சூடும் வலிய அமிலமும் சேர்ந்தால் பூட்டு திறந்துகொள்ளும். வெயிலில் நீலப்படம் எடுக்கும் சயனோடைப் கலையில் பயன்படும் பொட்டாசியம் பெர்ரிசயனைடும் இதே குடும்பம்தான். அந்தக் கரைசலோடு கழிவறை ஆசிட்டைச் சேர்க்கக் கூடாது, சூடாக்கக் கூடாது. மிச்சத்தைக் குளம், வாய்க்காலில் கொட்டவும் கூடாது. வெயில் பட்டால் சயனைடு மெல்லக் கசிந்து மீன்களைக் கொல்லும். தவறிப்போய்ப் புகையைச் சுவாசித்துவிட்டால் காற்றோட்டமான இடத்துக்கு வந்து உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உணவில் நீலத்தைக் கலப்பது பழைய வியாபாரத் தந்திரம். சீனாவில் ஏற்றுமதிப் பச்சைத் தேயிலைக்குப் பிரஷ்யன் நீலமும் ஜிப்சமும் பூசுவதை ராபர்ட் ஃபார்ச்சூன் 1840-களின் இறுதியில் நேரில் பார்த்து எழுதினார். இன்று சந்தேகம் வந்தால் வாங்கியவருக்கே சட்டத்தில் வழி இருக்கிறது. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, பரிசோதனைக்கு அனுப்பப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைக் கொடுக்கலாம். விதிமீறல் என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் புகார் தரலாம். உறையையும் ரசீதையும் தூக்கிப் போட்டுவிட்டுப் போனால் புகார் நொண்டும்.

இதே பிரஷ்யன் நீலத்தை மருந்தாகவும் விழுங்குகிறார்கள். 1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட சிகிச்சை மையத்திலிருந்த கருவியைப் பழைய இரும்புக்காகப் பெயர்த்தார்கள். உள்ளே சீசியம்-137. இருட்டில் நீலமாய் மினுங்கிய தூளை ஊரார் ஆசையோடு கையில் எடுத்துப் பார்த்தார்கள். 249 பேரிடம் கதிரியக்கப் படிவு கண்டறியப்பட்டது. நான்கு பேர் இறந்தார்கள். உடலுக்குள் சீசியம் போன 46 பேருக்குப் பிரஷ்யன் நீலம் கொடுத்தார்கள். குடலில் இருக்கும் சீசியத்தை அந்தப் படிகக் கூண்டு பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. உடலிலுள்ள சீசியம் பாதியாகக் குறைய 110 நாள் ஆகும் என்றால், இந்த மருந்தோடு ஏறத்தாழ 30 நாள் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதற்கும் இடமுண்டு.

எல்லாக் கதிரியக்கத்துக்கும் இது மருந்தல்ல. 2010-இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் ஓர் உயிரைப் பறித்தது கோபால்ட்-60. அதற்கு இந்த நீலத்தால் பயனில்லை. பழைய இரும்புக் கடையில் கதிரியக்க எச்சரிக்கையான மூவிதழ்க் குறி உள்ள கனத்த ஈயப் பெட்டி கிடைத்தால் உடைக்காமல், தள்ளி நின்று, காவல்துறைக்குச் சொல்வதுதான் முதல் வேலை.

நிறமும் மணமுமில்லாத தாலியம் விஷத்துக்கும் மருந்து இதுவே. 1995-இல் பெய்ஜிங்கில் ஒரு பல்கலைக்கழக மாணவிக்கு முடி கொட்டி, கால் எரிந்து, நினைவும் தப்பியது. காரணம் தாலியம் என்று இணையம் வழியே வெளிநாட்டு மருத்துவர்கள் ஊகித்தார்கள்; பரிசோதனை அதை உறுதிசெய்தபோது நரம்புகள் மீளமுடியாதபடி கெட்டுவிட்டன. வயிற்றுவலி, பாத எரிச்சல், இரண்டு மூன்று வாரத்தில் கொத்துக்கொத்தாக முடி உதிர்வு என்று வரிசையாக வந்தால், சிறுநீரில் தாலியம் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம். பிரஷ்யன் நீலத்தை மருத்துவர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும். மருந்துத் தரத்தில் தயாரித்த மாத்திரைக்கு ஓவியக் கடைச் சாயம் மாற்றாகாது.