முகிலுக்கு மேலே ஒரு கம்பனி

தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில், இலங்கையின் தேயிலை மலைகளில் உள்ள டயகமவில் எதிர்மலைகூடத் தெரியாத நாட்கள் உண்டு. அன்று மேலே கடந்து போகும் செய்மதியின் கமராவுக்குக் கிடைப்பது முகிலின் முதுகு மட்டுமே. இளம் செய்மதிக் கம்பனி ஒன்றில் பணம் போடலாமா என்று யாராவது கேட்டால், நான் அவருக்கு இந்த மலையைத்தான் காட்டுவேன்.

கமரா எவ்வளவு நுணுக்கமானது என்பதைத்தான் கம்பனிகள் முதலில் சொல்கின்றன. ஆனால் ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிகள் 10 மீற்றர் நுணுக்கத்தில், 5 நாளுக்கு ஒருமுறை எடுக்கும் படங்களை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இலவசத்தில் கிடைக்காத எதைக் கம்பனி விற்கிறது?

பெங்களூரின் பிக்சல் கம்பனி, ஒளியை 150-க்கும் மேற்பட்ட நுண்ணிய அலைவரிசைகளாகப் பிரித்துப் பார்க்கிறது. இலையின் வாட்டத்தை அறிய அருமையான வழிதான். ஆனாலும் முகில் விலகியாக வேண்டும்.

பின்லாந்தின் ஐசை கம்பனி வேறு வழியில் போனது. அதன் முதல் செய்மதி 2018 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வியில் ஏறியது. அதிலிருந்தது ரேடார். சுமார் 3 சென்ரிமீற்றர் நீள அலைக்கு, மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கே உள்ள முகில் துளி ஒரு தடையே அல்ல. இரவிலும் அது பார்க்கும். இரு வேளைகளில் எடுத்த ரேடார் பதிவுகளை ஒப்பிட்டால், நிலம் சில மில்லிமீற்றர் நகர்ந்ததையும் அளக்க முடியும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் லயங்களைச் சரிந்த மண் மூடியதைக் கண்ட நமக்கு இது சாதாரணச் செய்தி அல்ல.

இங்கேதான் கவனம் வேண்டும். அந்தக் குட்டை அலை தேயிலைச் செடியின் மேல்மட்டத்திலேயே பட்டுத் திரும்பிவிடும். காற்றில் இலை அசைந்தால் ஒப்பீடு குழம்பும். செடிகளை ஊடுருவ நீள அலை தேவை. நாசாவும் இஸ்ரோவும் 2025 ஜூலை 30 அன்று ஏவிய நிசார் செய்மதி, ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர் அலையோடு அதைச் செய்கிறது. அதன் தரவும் இலவசம்!

ஆனால் நிசார் அதே பாதைக்குத் திரும்ப 12 நாளாகும். மலையோ ஓரிரவு மழையில் சரிந்துவிடும். பல செய்மதிகளோடு சில மணிக்கொருமுறை வருவதுதான் தனியார் கம்பனி விற்கக்கூடிய சரக்கு. அதற்கான செலவு ஒருமுறையோடு தீராது: தாழ்பாதைச் சிறு செய்மதிகளுக்கு ஆயுள் சில ஆண்டுகளே, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

லயத்தில் இருப்பவர் இந்தத் தரவுக்குப் பணம் கட்டமாட்டார். கட்டக்கூடியவர்கள் காப்புறுதிக் கம்பனிகள், பாதுகாப்புத் துறைகள், நம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போல மண்சரிவு எச்சரிக்கை விடும் அரச அமைப்புகள். அவர்கள் கையெழுத்திட்ட பல்லாண்டு ஒப்பந்தம் இருக்கிறதா, அல்லது வெறும் விருப்பக் கடிதமா என்பதையே நான் முதலில் கேட்பேன். கமராவைப் பற்றி அதன் பிறகு.