உவர்க்காற்றும் உறைவிடமும்: வெளிக்கள ஆய்வுநிலையங்களின் பழைய வீடுகள்

ஒதுக்கிடத்தில் அமைந்த ஆய்வுநிலையத்தின் ஆயுளை, அதன் கருவிகளைப் போலவே அங்குள்ள வீடுகளும் நிர்ணயிக்கின்றன. பொலன்னறுவைக் குரங்குகள் பற்றி 1968இல் தொடங்கிய ஆய்வு போன்ற நெடுங்கால முயற்சிகளுக்குக் களத்தில் ஆள் தொடர்ந்து இருத்தலே அடிப்படை. இருப்பதற்கு வீடு வேண்டும்.

அவ்வீட்டுக்குப் பகை எது என்பதை இடமே தீர்மானிக்கிறது. அந்தாட்டிக்காவில் இந்தியா 1983-84இல் பனித்தட்டின்மேல் அமைத்த தட்சிண கங்கோத்திரி பனியிற் புதையுண்டு 1990இல் கைவிடப்பட்டது. அதற்கு அடுத்ததான மைத்திரி 1989இல் பாறைநிலத்தில் எழுந்தது.

நமது கரைகளிற் பகை உப்பாகும். திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளி வீதியில், கடலும் களப்பும் அணைந்த சாம்பல்தீவை எடுத்துக்கொள்வோம். இத்தகைய இடத்தில் காற்றோடு வரும் உப்பும், கழுவாத கடல்மணலோடு கலந்த உப்பும் கொங்கிறீற்றின் நுண்துளைகளூடாக இரும்புக்கம்பியை அடைகின்றன. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு கனவளவு கொள்வதால், கொங்கிறீற்று உள்ளிருந்தே வெடிக்கிறது. வெடிப்பின்மேற் சீமெந்து பூசி வர்ணந் தீட்டுதல் நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதன்று. பழுதுற்ற பகுதியைக் கம்பியின் பின்புறம்வரை கொத்தியகற்றித் துரு நீக்கி, தேய்ந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, நன்னீரிற் குழைத்த செறிந்த சாந்தால் நிரப்புதல் வேண்டும்.

சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய பழஞ்சுவர்களுக்கு வேறு முறை தேவை. சீமெந்துப் பூச்சு ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தும். சுண்ணாம்புப் பூச்சோ அதனை ஆவியாக வெளிவிடும். பழைய அஸ்பெஸ்டோஸ் கூரைத்தகடுகளை உடைத்தலாகாது. நனைத்து முழுதாகவே கழற்றல் வேண்டும். அதன் தூசி நுரையீரற் புற்றுநோய்க்கு ஏதுவாவது. அதனை முதலிற் சுவாசிப்பவன் கூரையேறும் நாட்கூலித் தொழிலாளியே. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் வரும் மாதங்கள் இவ்வேலைகளுக்கு உகந்தவை.

இனி, எவருடைய வீட்டை முதலிற் புதுப்பிப்பது? ஆண்டிற் சில வாரங்கள் வந்துபோகும் ஆய்வாளரின் விருந்தினர் விடுதி வெள்ளையடிக்கப்பட, ஆண்டு முழுவதும் மழைமானியை வாசித்தும் படகு செலுத்தியும் வாழும் சிற்றூழியர் குடும்பங்களின் கூரை ஒழுகுமாயின், அது நீதியன்று, விஞ்ஞானத்துக்கும் கேடு. அவர்கள் வெளியேறும் நாளில் அளவீட்டுத் தொடரும் அறுந்துவிடும். எனவே புதுப்பித்தற் செலவை நலன்புரிச் செலவாகவன்றி ஆய்வுச் செலவாகவே கணக்கிடல் வேண்டும் என்பதும், வேலைப்பட்டியல் சிற்றூழியர் குடியிருப்பிலிருந்தே தொடங்கல் வேண்டும் என்பதும் நமது கருத்தாகும்.