மூடியின் இடுக்கில் ஓடிப்போகும் குளிர்ச்சி

வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்கிற குழந்தையோ மாமனாரோ இருந்தால், கோடை வந்ததும் இல்லத்தரசிக்குக் கவலை ஒன்று கூடிவிடும். கரண்ட் எப்போது போகும், தெரியாது. ஊருக்குப் போவதென்றால் பஸ்ஸிலேயே பாதி நாள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, மருந்தை வைத்து மூடிக்கொண்டு கிளம்புகிறோம். பாதி வழியிலேயே ஐஸ் தண்ணீராகிவிடுகிறது. "பெட்டி மட்டம், இன்னும் தடிமனா வாங்கியிருக்கணும்" என்கிறோம். பெட்டியைக் குறை சொல்லுமுன் அதன் மூடியைக் கொஞ்சம் பாருங்கள்.

தெர்மாகோலில் 98 சதவீதம் வெறும் காற்றுதான். காற்று உஷ்ணத்தை எளிதில் கடத்தாது. ஆனால் அது அசையாமல் இருந்தால்தான் இந்தக் குணம். மணிகளுக்குள் அடைபட்ட காற்று நகர வழியில்லை. மூடி ஓரத்து இடுக்கில் இருக்கும் காற்றுக்கோ தடையே இல்லை. குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். பெட்டியின் அடியில் விரிசல் இருந்தால் ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி அது வெளியேறும். மேலே மூடி இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே புகும். பலகை இரண்டு அங்குலத் தடிமன் இருந்தும் என்ன பயன்?

வருவது சூடான காற்று மட்டுமா? கடலோர ஊர்களில் அதோடு ஈரப்பதமும் வரும். இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி பட்டுக் கை சுட்டிருக்கிறதல்லவா? ஆவி நீராக மாறும்போது தன் உஷ்ணத்தைக் கொட்டிவிடுகிறது. இங்கேயும் அதே கதைதான். காற்றிலுள்ள ஈரம் ஒரு கிராம் ஐஸின் மேல் நீராகப் படிந்தால், சுமார் 7 கிராம் ஐஸை உருக்கிவிடும்!

இடுக்கைக் கண்டுபிடிக்க, இரவில் விளக்கை அணைத்துவிட்டு, எரியும் டார்ச்சைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். பெட்டி முழுதும் மங்கலாக ஒளிரலாம், அதை விடுங்கள். பளிச்சென்று கோடாகத் தெரிகிற இடம்தான் கோளாறு. அங்கே நன்றாகத் துடைத்து, ஈரம் காய்ந்தபின் பிரவுன் டேப்பை உள்ளும் புறமும் ஒட்டுங்கள். உடைந்த துண்டைச் சேர்க்க வெள்ளைப் பசை போதும். பெட்ரோல் வாடை வீசும் ரப்பர் பசை வேண்டாம், தெர்மாகோலையே தின்றுவிடும். ஐஸை பாலிதீன் பையில் கட்டி வையுங்கள். உருகிய நீர் விரிசலில் ஊறினால் பாதுகாப்புப் போச்சு. தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் உஷ்ணத்தைக் கடத்தும்.

எல்லாம் வைத்தபிறகு மூடியைச் சுற்றியும் ஒரு சுற்று டேப். அதற்காக வெயிலில் வைத்துவிடாதீர்கள். பலகை வழியாகவும் உஷ்ணம் மெல்ல நுழையத்தான் செய்யும், அதை எந்த டேப்பும் தடுக்காது.

ஐஸ்கிரீமோடு வரும் உலர் பனிக்கட்டியை மட்டும் இப்படி இறுக்கி மூடக் கூடாது. அது வாயுவாகிப் பெருகும். போக வழியில்லாவிட்டால் பெட்டி வெடிக்கும்.

பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். ஐஸின்மேல் நேராக வைக்காமல் நடுவே துணியோ அட்டையோ கொடுங்கள். ஒருமுறை உறைந்துவிட்டால், பிறகு இளகினாலும் அந்த மருந்து உதவாது. பயன்பாட்டில் உள்ள குப்பி பெரும்பாலும் 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் தாங்கும். உங்கள் மருந்துக்கு எவ்வளவு என்று உறைக்குள் இருக்கும் தாளைப் பார்த்தோ டாக்டரைக் கேட்டோ தெரிந்துகொள்ளுங்கள். வீட்டிலானால் அதை ஒரு டப்பாவில் போட்டு, நீர் தெளித்த மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். பயணத்திலும் அதைத் தனியே கைப்பையில் வெயில் படாமல் வைத்துக்கொண்டால், வேளைக்கு வேளை டேப்பைப் பிரித்துப் பெட்டியைத் திறக்க வேண்டியிராது.